நாடகத்தில் சேரும் பிள்ளைக்கு என்ன செலவு, என்ன சான்று? இடைநிலைப்பள்ளிப் பெற்றோருக்கு ஒரு விளக்கம்

பள்ளி தொடங்கிய மூன்றாவது, நான்காவது வாரத்தில் பிள்ளையின் புத்தகப்பையில் ஒரு தாள் இருக்கும். எந்தச் சீருடை இயக்கம், எந்தக் கழகம், எந்த விளையாட்டு என்று மூன்று கட்டங்கள். கீழே பெற்றோர் கையொப்பம். பல வீடுகளில் அடுப்படி வேலைக்கு நடுவே, "எதுல வேணும்னாலும் போட்டுக்கோ" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுகிறோம்.

பிள்ளைக்கு நாடகத்தில் ஆர்வம் இருந்தால் இந்தத் தாளைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். அந்தக் கட்டத்தில் எழுதும் கழகத்தின் பெயர் ஐந்தாம் படிவம் முடிந்து பல்கலைக்கழக விண்ணப்பம் வரைக்கும் கூடவே போகும். ஆயர் ஈத்தாம், பாயா தெருபோங், ஃபார்லிம் வட்டாரப் பெற்றோரிடம் பேசினால் இரண்டு கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. நாடகத்துக்கு எவ்வளவு காசு கட்ட வேண்டும்? பள்ளி முடியும்போது பிள்ளையின் கையில் என்ன இருக்கும்? இரண்டுக்கும் உள்ள தொடர்பைப் பலர் கவனிப்பதில்லை. காசு விவகாரத்தால் பாதியில் நின்றுவிடும் பிள்ளைக்குச் சான்றும் பாதியில் நின்றுவிடுகிறது.

நாடகம் எந்தக் கழகத்தில் இருக்கிறது?

நம் நாட்டின் அரசாங்க இடைநிலைப்பள்ளிகளில் ஒவ்வொரு மாணவரும் ஒரு சீருடை இயக்கம், ஒரு கழகம், ஒரு விளையாட்டு ஆகிய மூன்றிலும் சேர வேண்டும். 'நாடகக் கழகம்' என்ற பெயரிலேயே தனிக் கழகம் வைத்திருக்கும் பள்ளிகள் குறைவு. பெரும்பாலும் தமிழ் நாடகம் தமிழ்மொழிக் கழகத்தின் கீழும், ஆங்கில நாடகம் ஆங்கிலமொழிக் கழகத்தின் கீழும், மலாய் நாடகம் மலாய்மொழிக் கழகம் அல்லது கலை, பண்பாட்டுக் கழகத்தின் கீழும் நடக்கும்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. பிள்ளை தமிழ் நாடகத்தில் ஆண்டு முழுவதும் ஓடியாடி வேலை செய்வான். பதிவேட்டிலோ அவன் அறிவியல் கழக உறுப்பினர். நாடக ஒத்திகைக்காக அறிவியல் கழகக் கூட்டத்தைத் தவறவிட்டால் அங்கே வருகை குறையும். நாடகத்துக்கு வந்த நாட்களோ அவன் பதிவில் இல்லாத கழகத்தில் ஏறாது. ஆண்டு இறுதியில் இரண்டு பக்கமும் நட்டம். ஆகவே தாளில் கையெழுத்துப் போடுவதற்கு முன் பிள்ளையிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "இந்த வருசம் நாடகம் எந்தக் கழகத்துப் பேர்ல நடக்கும்?" பிள்ளைக்குத் தெரியாவிட்டால் தமிழ் ஆசிரியருக்கு ஒரு புலனச் செய்தி போதும்.

தமிழ்மொழிக் கழகமே இல்லாத பள்ளியாக இருந்தால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்படி, தேசிய இடைநிலைப்பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் தமிழ்மொழி கற்பிக்க வசதி செய்து தரப்பட வேண்டும். தமிழ் வகுப்பு இருக்கும் இடத்தில்தான் தமிழாசிரியர் இருப்பார். தமிழாசிரியர் இருக்கும் இடத்தில்தான் கழகமும் நாடகமும் பெரும்பாலும் உயிரோடு இருக்கும். ஆயர் ஈத்தாமில் இராஜாஜி தமிழ்ப்பள்ளி இருக்கிறது. தீவில் வேறு சில தமிழ்ப்பள்ளிகளும் இருக்கின்றன. ஆறாம் ஆண்டில் பள்ளி விழா மேடையில் ஆடிய பிள்ளைகள் முதலாம் படிவத்தில் பல பள்ளிகளுக்குச் சிதறிப் போகிறார்கள். ஒரே பள்ளிக்குப் போகும் ஏழெட்டுப் பிள்ளைகளின் பெற்றோர் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டால் அந்த 15 பேரைச் சேர்ப்பது பெரிய காரியமில்லை.

எஸ்.பி.எம். தேர்வில் தமிழ் இலக்கியம் எடுக்கும் மாணவர்களுக்கு நாடகம் பாடத்தின் ஒரு பகுதி. அவர்களைக் கழக நாடகத்துக்குள் இழுத்துப்போட்டால் படிப்பும் ஆகும், ஆளும் சேரும்.

கட்டணம்: எது கட்டாயம், எது விருப்பம்?

2012ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில்தான் பள்ளிக் கட்டணம் அகற்றப்பட்டது. அதுவரை தொடக்கப்பள்ளி மாணவர் 24 ரிங்கிட் 50 சென்னும், இடைநிலைப்பள்ளி மாணவர் 33 ரிங்கிட் 50 சென்னும் கட்டிவந்தார்கள். புறப்பாட நடவடிக்கை, பள்ளித் தேர்வுத் தாள், பள்ளிகளுக்கான விளையாட்டு மன்றக் கட்டணம் எல்லாம் அதற்குள் அடங்கியிருந்தன. அந்தச் சுமையை அரசாங்கம் ஏற்றுக்கொண்டது.

அப்படியானால் கழகங்கள் ஏன் இன்னமும் காசு கேட்கின்றன? அரசாங்கம் தரும் மானியம் மாணவர் எண்ணிக்கையைப் பார்த்து வருகிறது. அது எல்லாக் கழகங்களுக்கும் பிரிந்து, பதாகை, காகிதம், பரிசு என்று கரைந்துவிடும். நாடகம் காசு தின்னும் கலை. அதனால் கழகச் சந்தா, கழகச் சட்டை, நாடகச் செலவு என்று ஏதாவது ஒரு பெயரில் வசூல் நடக்கிறது. அதைக் குற்றமாகப் பார்க்க வேண்டியதில்லை; பல இடங்களில் ஆசிரியரே கைக்காசு போட்டுத்தான் ஒப்பேற்றுகிறார். ஆனால் கேட்கப்படும் ஒவ்வொரு வெள்ளியும் எந்த வகை என்று தெரிந்துகொள்ளும் உரிமை பெற்றோருக்கு உண்டு.

பெற்றோர் ஆசிரியர் சங்க நன்கொடை அச்சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பேசி முடிவாகும் தொகை. அது கட்டவில்லை என்பதற்காகப் பிள்ளையைப் பள்ளியில் பதியாமலோ பாடப்புத்தகம் தராமலோ இருக்கக்கூடாது என்று கல்வி அமைச்சு பலமுறை சொல்லியிருக்கிறது. கழகச் சந்தா வேறு. கழகமே கேட்பது, பொதுவாகச் சிறு தொகை. கழகச் சட்டை இன்னொன்று. ஐந்தாறு நிகழ்ச்சிக்குப் போடும் துணி. பல நேரம் இதுவே சந்தாவைவிடப் பல மடங்கு. போட்டிக்குப் போகும் செலவு கடைசியாக வரும், பேருந்து வாடகை, சாப்பாடு, உடை என்று.

இந்த நான்கையும் ஒரே உறையில் போட்டு "நாடகக் காசு" என்று கேட்டால், எதற்கு எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் எந்த ஆசிரியரும் கோபித்துக்கொள்ள மாட்டார். "டீச்சர், சட்டை இப்ப முடியாது, சந்தா மட்டும் கட்டுறேன்" என்று சொல்ல வழி கிடைக்கும். பள்ளிப் பெயரில் வசூலாகும் காசுக்குப் பள்ளியின் ரசீது கேட்டு வாங்குங்கள். மாணவத் தலைவரின் கையில் ரொக்கமாகச் சேரும் காசு யாருக்கும் நல்லதல்ல, அந்த மாணவருக்கே நல்லதல்ல. பதினாறு வயதுப் பிள்ளை முந்நூறு வெள்ளியைப் பையில் வைத்துக்கொண்டு பேருந்தில் போவதை நினைத்துப் பாருங்கள்.

காசு இல்லை என்பதை நம்மவர்கள் பள்ளியில் சொல்லக் கூச்சப்படுகிறோம். சொல்லாமல் பிள்ளையை நிறுத்திவிடுகிறோம். ஆசிரியருக்கோ பிள்ளை ஆர்வம் குறைந்து விலகிவிட்டதாகத்தான் தெரியும். வருமானம் குறைந்த குடும்பம் என்றால் வகுப்பாசிரியரிடமோ மாணவர் நல ஆசிரியரிடமோ தனியாகச் சொல்லி வைப்பதே முறை. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் இதற்கென்று சிறு தொகை ஒதுக்கச் சொல்லிப் பொதுக்கூட்டத்தில் முன்மொழியலாம். அந்தக் கூட்டத்துக்கு நம்மவர்கள் போகாமல் இருப்பது வேறு கதை. பள்ளித் தொடக்க உதவியாக வரும் 150 ரிங்கிட்டை எல்லாரும் காலணிக்கும் பைக்கும் செலவழித்துவிடுகிறார்கள். அதில் இருபது வெள்ளியைக் கழகச் செலவுக்கென்று ஒதுக்கி வைத்தால் பாதி ஆண்டு ஓடிவிடும்.

பெரிய செலவு சந்தாவில் இல்லை

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கீழே உள்ளவை உதாரண எண்கள். உங்கள் வீட்டுத் தொகையை மாற்றி இட்டுக்கொள்ளுங்கள். பத்து வாரம் ஒத்திகை, வாரம் இரண்டு நாள், மொத்தம் இருபது நாள். கழகச் சந்தா 5 வெள்ளி, சட்டை 30, நாடக உடை 60, ஒப்பனை 15. மாலை ஆறரைக்கு ஒத்திகை முடிந்து பாயா தெருபோங் அடுக்குமாடிக்குத் திரும்ப வாடகைக் காருக்கு 12 வெள்ளி; இருபது நாளுக்கு 240. பள்ளி முடிந்து ஒத்திகை தொடங்கும் வரை வெளியே சாப்பிட 6 வெள்ளி. இருபது நாளுக்கு 120. கூட்டினால் 470 வெள்ளி. இதில் சந்தாவும் சட்டையும் சேர்ந்து வெறும் 35. பாக்கி முழுக்கப் போக்குவரத்தும் சாப்பாடும் உடையும்.

இதே கணக்கில் நான்கு பிள்ளைகள் ஒரே காரில் வீடு திரும்பினால் ஒருவருக்கு மூன்று வெள்ளிதான். இருபது நாளுக்கு 60. சாப்பாட்டை வீட்டிலிருந்து கட்டிக்கொடுத்தால் தனிச் செலவே இல்லை. உடையை இரவல் வாங்கி, தைக்க மட்டும் 10 வெள்ளி கொடுத்தால் மொத்தம் 120க்குள் முடிந்துவிடும். சட்டையையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் 90. ஒரே பிள்ளை, ஒரே நாடகம், 470க்கும் 90க்கும் இடையில்.

ஆயர் ஈத்தாம் சந்தைப் பக்கமும் கெக் லோக் சி கோயில் பக்கமும் மாலை நேர நெரிசல் எப்படியிருக்கும் என்று இந்த வட்டாரத்தாருக்குச் சொல்ல வேண்டியதில்லை. விடுமுறை நாளென்றால் கொடிமலைக்குப் போகும் வாகனங்களும் சேர்ந்துகொள்ளும். பேருந்தில் வந்தால் காசு மிச்சம், ஆனால் ஏழரை மணி ஆகிவிடும். பெண் பிள்ளை என்றால் வீட்டில் பயம். எத்தனையோ பெண் பிள்ளைகள் நாடகத்தை விட்டதற்குக் காரணம் காசே இல்லை, இந்த ஒரு மணி நேரம்தான். ஆண்டின் தொடக்கத்திலேயே ஒத்திகையை ஐந்தரைக்குள் முடிக்க ஆசிரியரிடம் பேசி வைத்தால் பாதிப் பிரச்சனை தீரும். மேடைக்கு முந்தின இரண்டு வாரம் மட்டும் நேரம் நீளும். அதற்கு அப்பாமார்கள் முறை வைத்து வண்டி எடுத்தால் போதும்.

பெருநிலத்தில், செபராங் பிறை தோட்டப்புறங்களில் உள்ள பிள்ளைகளுக்கு நிலைமை இன்னும் கடினம். பள்ளிப் பேருந்து ஒரு நேரத்துக்குத்தான் புறப்படும். அதை விட்டால் வேறு வழியில்லை. அங்கே வாரம் இரண்டு நாள் ஒத்திகை வைப்பதைவிட மாதம் ஒரு சனிக்கிழமை முழுநாள் ஒத்திகை வைத்து, எல்லாருக்கும் சேர்த்து ஒரு வேன் பிடிப்பது மலிவாக முடியும்.

உடைப்பெட்டி

நாடகச் செலவில் எளிதாகக் குறைக்கக்கூடியது உடை. பினாங்குக்கு இதில் பழைய அனுபவம் உண்டு. 1870களில் இந்தியாவிலிருந்து பார்சி நாடகக் குழுக்கள் பினாங்குத் துறைமுகத்தில் வந்து இறங்கின. அப்படி வந்த ஒரு குழு கலைந்தபோது அதன் உடைகளையும் திரைச்சீலைகளையும் மாமாக் புஷி என்ற பினாங்கு ஜாவி பெரானாக்கான் ஒருவர் விலைக்கு வாங்கிக்கொண்டார் என்பது வரலாறு. 1885ல் அவர் அமைத்த குழுவிலிருந்துதான் மலாய் நாடகமான பங்சாவான் முறையாகத் தலையெடுத்தது. வேறொருவர் கழற்றி வைத்த உடையில் ஆரம்பித்த கலை அது. பள்ளிக் கழகத்துக்கு ஒரு பெட்டி உடை இரவல் வாங்குவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

கழகத்துக்கென்று இரண்டு பெரிய பிளாஸ்டிக் பெட்டி வாங்கி வைத்தால் போதும். அம்மாமார்களின் பழைய பட்டுச் சேலை இரண்டு, வேட்டி ஐந்தாறு, தாத்தாவின் பழைய கோட்டு ஒன்று, கண்ணாடிச் சட்டம், கைத்தடி. அரசர் கதைக்குக் கிரீடத்தை அட்டையில் வெட்டித் தங்கத் தாள் ஒட்டலாம். லிட்டல் இந்தியாவில், லெபோ பசார் பக்கம், சரிகைத் துண்டும் கவரிங் நகையும் சல்லிசாகக் கிடைக்கும். தீபாவளி முடிந்த வாரத்தில் போனால் இன்னும் குறையும். நவீன நாடகத்துக்குப் பண்டல் கடை இருக்கிறது. பெட்டியில் உள்ள ஒவ்வொன்றையும் எழுதி மூடியின் உள்பக்கம் ஒட்டி வையுங்கள். அடுத்த ஆண்டு ஆசிரியர் மாற்றலாகிப் போனாலும் பட்டியல் பேசும்.

ஒப்பனைப் பொருளைப் பொதுவில் வைத்துக்கொள்ளலாம். கண் மையும் உதட்டுச் சாயமும் மட்டும் ஆளுக்கு ஒன்று. கண் நோய் ஒருவருக்கு வந்தால் மொத்தக் குழுவுக்கும் வந்துவிடும்.

அமெரிக்கப் பிள்ளைகள் வாங்கும் கயிறு

உயர்நிலைப்பள்ளி நாடக மாணவர்களுக்கென்றே ஒரு கௌரவச் சங்கம் அமெரிக்காவில் இருக்கிறது. இண்டர்நேஷனல் தெஸ்பியன் சொசைட்டி என்று பெயர். 1929ல் மேற்கு வர்ஜீனியாவில் உள்ள ஃபேர்மாண்ட் நகரில் தொடங்கியது. நாடக வேலைக்கு மணிக்கணக்கு வைத்துப் புள்ளி தருவார்கள். ஏறத்தாழ பத்து மணி நேர வேலைக்கு ஒரு புள்ளி. பத்துப் புள்ளி சேர்ந்தால் உறுப்பினராகும் தகுதி. அதற்கு ஓர் உறுப்பினர் கட்டணமும் உண்டு. பள்ளி முடித்துப் பட்டமளிப்புக்குப் போகும்போது கழுத்தில் போட்டுக்கொள்ளும் கௌரவக் கயிற்றுக்குத் தனிக் காசு.

அங்கேயும் பெற்றோர் கேட்கும் கேள்வி இதுதான்: பிள்ளை உழைத்துச் சேர்த்த கௌரவத்துக்குக் காசு கட்ட முடியாவிட்டால் என்ன செய்வது? பல பள்ளிகள் கார் கழுவியும் பலகாரம் விற்றும் பொது நிதி சேர்த்துக் கட்டணத்தைக் கட்டிவிடுகின்றன. நமக்கு அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த மணிக்கணக்குதான், கயிறு அல்ல. மேடையில் ஆடியவருக்கும் திரை இழுத்தவருக்கும் ஒரே மாதிரி நேரம் எழுதப்படுகிறது. நம் பள்ளிகளில் அந்த ஏடு பெரும்பாலும் இல்லை. ஒரு ஐம்பது காசு குறிப்புப் புத்தகத்தில் பிள்ளையே தேதி, நேரம், செய்த வேலை என்று எழுதி, மாதம் ஒருமுறை பொறுப்பாசிரியரிடம் சுருக்கொப்பம் வாங்கிக்கொண்டால் போதும். ஆண்டு இறுதியில் வாக்குவாதம் வராது.

பத்து விழுக்காட்டின் எடை

பொதுப் பல்கலைக்கழக நுழைவுக்கான யூ.பி.யூ. தகுதிப் புள்ளியில் கல்விக்கு 90 விழுக்காடு, புறப்பாட நடவடிக்கைக்கு 10 விழுக்காடு. பத்துதானே என்று தோன்றும். ஒரே தேர்ச்சி பெற்ற இரண்டு பிள்ளைகளை வைத்துப் பாருங்கள். இருவருக்கும் கல்வியில் 90க்கு 78. ஒருவருக்குப் புறப்பாடத்தில் 9.2, மற்றவருக்கு 6.5. மொத்தம் 87.2, 84.5. போட்டி அதிகமுள்ள துறைகளில் இடம் கிடைப்பதும் கிடைக்காததும் இதைவிடச் சின்ன வித்தியாசத்தில் முடிவாகிறது.

அந்தப் பத்துக்கு அடிப்படை, பள்ளியில் பி.ஏ.ஜே.எஸ்.கே. என்ற மதிப்பீட்டில் ஆசிரியர்கள் பதிவு செய்யும் மதிப்பெண். வருகை, வகித்த பொறுப்பு, பங்கெடுத்த நிலை, அடைந்த வெற்றி, ஈடுபாடு, செய்த சேவை என்று பல பகுதியாகப் பார்க்கிறார்கள். பள்ளி அளவைவிட வட்டாரம் உயர்வு, அதைவிட மாநிலம், தேசியம் என்று ஏறும்.

நாடகப் பிள்ளை இதில் ஒரு விதத்தில் அதிர்ஷ்டசாலி. ஓட்டப்பந்தயத்தில் மாநில அளவுக்குப் போக உடம்பு ஒத்துழைக்க வேண்டும். நாடகத்தில் பதினைந்து பேர் ஒன்றாக வட்டாரப் போட்டிக்குப் போனால் பதினைந்து பேருக்கும் அந்த நிலை எழுதப்படலாம். வெற்றி பெறாவிட்டாலும் பங்கெடுத்ததற்கு மதிப்பு உண்டு. பதவியையும் மறந்துவிடக் கூடாது. தலைவர், செயலாளர், பொருளாளர் மட்டுமல்ல. செயலவை உறுப்பினர் என்பதும் ஒரு பொறுப்பே. ஐந்தாம் படிவத்தில் எஸ்.பி.எம். நெருக்கும், பொறுப்பை நான்காம் படிவத்திலேயே ஏற்றுக்கொள்வது நல்லது.

கோயில் திருவிழா, பொது இயக்கம் நடத்தும் நாடகப் போட்டிகளில் நம் பிள்ளைகள் நிறைய கலந்துகொள்கிறார்கள். ஆனால் அங்கே வாங்கிய சான்றிதழ் பள்ளி மதிப்பெண்ணில் தானாக ஏறிவிடாது. போவதற்கு முன்பே பள்ளியிடம் சொல்லி, பள்ளியின் சார்பில் கலந்துகொள்வதாக ஒரு கடிதம் வாங்கிக்கொண்டால், திரும்பி வந்து சான்றைக் காட்டும்போது வேலை சுலபம். நிகழ்ச்சி முடிந்து ஆறு மாதம் கழித்துக் கொண்டுபோய்க் கொடுத்தால், பொறுப்பாசிரியர் நல்லவராக இருந்தாலும் பதிவுக் காலம் முடிந்திருக்கும்.

சான்றிதழில் என்ன எழுதியிருக்கிறது?

திரைக்குப் பின்னால் வேலை செய்யும் பிள்ளைகள்தான் இதில் அதிகம் இழக்கிறார்கள். மூன்று ஆண்டு ஒலி, ஒளி பார்த்த பிள்ளைக்கு ஒரு தாளும் இல்லாமல் போவது சாதாரணமாக நடக்கிறது. நாடகம் முடிந்ததும் நடிகர்களை மேடைக்கு அழைத்துச் சான்றிதழ் கொடுப்பார்கள். ஒலிப்பெட்டி பக்கம் நிற்பவளின் பெயர் பட்டியலிலேயே இருக்காது. யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. பெயர்ப்பட்டியலைத் தட்டச்சு செய்தவருக்கு நடிகர்களின் பெயர்தான் கையில் இருந்தது, அவ்வளவுதான். ஆகவே போட்டிப் பதிவுப் பாரத்தை நிரப்பும் நாளிலேயே உடை, ஒலி, ஒளி, மேடை நிர்வாகம் பார்ப்பவர்களின் பெயரும் உள்ளே போகிறதா என்று பாருங்கள். போட்டி விதியில் ஆள் எண்ணிக்கைக்கு வரம்பு இருந்தால், விடுபட்டவர்களுக்குப் பள்ளி முதல்வர் கையொப்பத்துடன் தனிச் சான்று கேட்கலாம்.

சான்றிதழைக் கையில் வாங்கியதும் அங்கேயே படித்துப் பாருங்கள். அடையாள அட்டையில் உள்ளபடி பெயர், நிகழ்ச்சியின் பெயர், அளவு, தேதி, ஏற்பாட்டாளர், கையொப்பம், முத்திரை. நம் பிள்ளைகளின் பெயரில் த/பெ, த/மகள் விடுபடுவதும் எழுத்து மாறுவதும் சகஜம். 'பங்கேற்பாளர்' என்று இருந்தால் பங்கேற்பாளர்தான். 'இரண்டாம் பரிசு' என்று எழுதியிருந்தால்தான் அது வெற்றி. பிழை இருந்தால் அந்த வாரமே திருத்தக் கொடுக்க வேண்டும். இரண்டு ஆண்டு கழித்து ஏற்பாட்டாளரைத் தேடிப் போக முடியாது.

பரிசளிப்பும் அங்கியும்

ஆண்டு இறுதியில் சிறந்த மாணவர் பரிசளிப்பு விழாவில் 'புறப்பாட நாயகர்' போன்ற விருதுகள் கொடுக்கும் பள்ளிகள் உண்டு. பெயர் பள்ளிக்குப் பள்ளி மாறும். யாரைத் தேர்வு செய்வது என்பதற்குக் கழகப் பொறுப்பாசிரியரின் பரிந்துரையே தொடக்கம். பரிந்துரைக்கு ஆதாரம் அந்தக் குறிப்புப் புத்தகமும் சான்றிதழ்க் கோப்பும். நாடகக் குழுவுக்குத் தனி விருது இல்லாத பள்ளியில் கழகமே தன் கடைசிக் கூட்டத்தில் ஐந்தாம் படிவத்தாருக்கு ஒரு சிறு பிரியாவிடை வைக்கலாம். விலையுயர்ந்த கேடயம் வேண்டாம். பிள்ளை இதுவரை நடித்த, பணியாற்றிய எல்லா நாடகங்களின் பெயரையும் ஆண்டையும் பட்டியலிட்டு முதல்வர் கையெழுத்திட்ட ஒரே ஒரு தாள். அச்சடிக்க ஒரு வெள்ளிகூட ஆகாது. நேர்முகத் தேர்வில் கேடயத்தைவிட அதற்கு மரியாதை அதிகம்.

இதற்கு நேர்மாறு, அங்கி வாடகை, புகைப்படத் தொகுப்பு, மலர், விருந்து என்று போகும் விடைபெறு விழாக்கள். பாலர் பள்ளியில் ஆறு வயதுப் பிள்ளைக்கே கறுப்பு அங்கி மாட்டிப் படமெடுக்கும் காலம் இது. ஐந்தாம் படிவத்தில் அது நினைவுக்காக என்றால் சரி, பிள்ளையின் ஆசை. ஆனால் அங்கி போட்டுக்கொள்ளாததால் மதிப்பெண்ணில் ஒன்றும் குறையாது. சான்றிதழ் வாங்கும் தகுதிக்கும் அதற்கும் தொடர்பில்லை. கையில் ஐம்பது வெள்ளிதான் இருக்கிறது என்றால், வட்டாரப் போட்டிக்குப் போகும் பேருந்துச் செலவுக்குத்தான் அது முதலில் போக வேண்டும் என்பேன்.

நாடகத்தையே படிப்பாக எடுக்க நினைக்கும் பிள்ளைக்கு அந்தக் கோப்பு இன்னும் முக்கியம். வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஆயர் ஈத்தாமுக்கு அருகிலேயே, கெலுகோர் மிண்டனில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 1970களின் தொடக்கத்திலிருந்தே நாடகக் கல்வி தருகிறது. கோலாலம்பூரில் 1994ல் தேசியக் கலைக் கழகமாகத் தொடங்கிய அஸ்வாரா இருக்கிறது. இத்தகைய துறைகளில் மதிப்பெண்ணோடு நேர்முகத் தேர்வோ நடிப்புத் தேர்வோ சேர்ந்து வரும். அங்கே போய் உட்காரும்போது ஒத்திகைப் படங்கள், நிகழ்ச்சி நிரல், தான் எழுதிய வசனப் பிரதி, சான்றிதழ் எல்லாம் ஒரே கோப்பில் ஆண்டு வரிசையில் இருக்க வேண்டும்.

கோப்பைப் பிள்ளையிடமே விட்டுவிடாமல் மூலச் சான்றிதழ்களை வீட்டில் ஓரிடத்தில் வையுங்கள். நகலை மட்டும் பள்ளிக்குக் கொடுங்கள். ஒவ்வொன்றையும் கைப்பேசியில் படமெடுத்துக் குடும்பப் புலனக் குழுவில் போட்டுவிட்டால் கறையான் பிடித்தாலும் பயமில்லை. ஆண்டு இறுதியில் பி.ஏ.ஜே.எஸ்.கே. மதிப்பெண் விவரத்தைப் பிள்ளை கொண்டுவரும்போது கோப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டுப் பாருங்கள். ஏதாவது விடுபட்டிருந்தால், அடுத்த நாளே சான்றிதழ் நகலோடு வகுப்பாசிரியரைப் போய்ப் பார்க்கலாம்.